இரண்டு கைக்கும் பொருந்தும் கத்தி

டேரிலுக்கு வலது கட்டைவிரலில் மேல்கணு கிடையாது. ஒன்பது வருடங்களுக்கு முன் பீன்யா தொழிற்பேட்டையில் தகடு வெட்டும் ஒரு பவர் பிரஸ் அதை எடுத்துக்கொண்டது. அதன்பிறகு கம்பெனி அவனைப் பிரஸ் ஷாப்பிலிருந்து ஸ்டோர்ஸுக்கு மாற்றியது. கையெழுத்துப் போடுவது, சட்டை மாட்டுவது, சோறு பிசைவது என்று எல்லாவற்றையும் முப்பத்தோரு வயதில் இடது கைக்குப் பழக்கினான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் செய்ததை இது தெரிந்துகொண்டேதான் செய்தேன்.

நான் அதே கம்பெனியில் தர ஆய்வாளன். வெளியிலிருந்து வரும் பாகங்கள் ஸ்டோர்ஸில் இறங்கியதும் டேரில் என் மேசைக்குக் கொண்டுவருவான். அளந்து பார்ப்பேன். சரியாக இருந்தால் "ஓகே" என்பேன், அவன் பச்சைச் சீட்டு ஒட்டுவான். சரியில்லை என்றால் நான் எதுவும் சொல்வதில்லை. அவன் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுச் சிவப்புத் தட்டில் வைத்துவிடுவான். யாரும் வகுத்த விதி அல்ல இது. எனக்குப் பேச்சு குறைவு, அதற்கு அவன் கண்டுபிடித்துக்கொண்ட வழி. வருடக்கணக்காக அப்படித்தான் நடந்தது. மற்றவர்களுக்கு என் மௌனம் திமிர். அவனுக்கு மட்டும் அது ஒரு பதில்.

மடக்குக் கத்திகளின் பித்து என்னிடமிருந்துதான் அவனுக்குப் போனது. தபாலில் வரும் புத்தகக் கட்டுகளைப் பிரிக்க ஒரு சின்னக் கத்தி வாங்கினேன். அலகு விரிந்து நிற்கும்போது அதன் பூட்டு விழும் சத்தம் பிடித்துப்போய் இன்னொன்று வாங்கினேன். பிறகு இன்னொன்று. கேண்டீனில் ஒருநாள் ஆரஞ்சுப் பழத்தை அதில் அறுத்துக்கொண்டிருந்தபோது டேரில் எதிரே வந்து உட்கார்ந்தான்.

"இன்னா சங்கரு, ரவுடியாயிட்டியா?"

கத்தியை மேசையில் வைத்தேன். எடுத்துப் பார்த்தான். மதிய இடைவேளை முடிந்து மணி அடிக்கும்வரை கீழே வைக்கவில்லை.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் மாதா கோயிலில் பூசை முடிந்து வந்ததும் அல்சூர் ஏரிக்கரையில் சந்திப்போம். மெட்ரோவில் பையைச் சோதிப்பார்கள், கத்தியோடு உள்ளே விடமாட்டார்கள். அதனால் தாசரஹள்ளியில் என் வீட்டிலிருந்து நான் இரண்டு பஸ் மாறி வருவேன். பெஞ்சில் செய்தித்தாளை விரித்து இருவருடையதையும் பரப்பி வைப்போம். திறப்பது, மூடுவது, மூடிய அலகு பிடியின் நடுவில் நிற்கிறதா என்று கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்ப்பது. அவ்வளவுதான். சில ஞாயிறுகளில் ஒரு மணி நேரத்தில் பத்து வார்த்தைகூடப் பேசியிருக்க மாட்டோம். அப்படி என்னோடு உட்காரக்கூடியவர்கள் என் வாழ்க்கையில் வேறு யாரும் இல்லை.

ஒருநாள் அவன் ஒரு நல்ல கத்தி வாங்குவது என்று முடிவு செய்தான். அவனிடம் இருந்ததெல்லாம் நான் கொடுத்த பழையவையும் மலிவானவையும்தான். ஸ்டோர்ஸில் ஒரு நாளைக்கு ஐம்பது அறுபது அட்டைப்பெட்டி பிரிக்க வேண்டும். பிளாஸ்டிக் பட்டை, டேப், அதற்குள் இன்னொரு உறை. பெட்டியை வலது முழங்கையால் அழுத்திக்கொண்டு இடது கையால் அறுப்பான். ஒரே கையால் திறந்து அதே கையால் மூட முடிகிற கத்தி அவனுக்கு வேண்டும்.

"ஒண்ணே ஒண்ணுடா. தெனம் பாக்கெட்ல இருக்கணும். எனக்கு அப்புறம்கூட யாராவது வச்சிக்கிற மாதிரி" என்றான்.

எட்டு மாதம் செல்போனில் படம் படமாகப் பார்த்துத் தள்ளி, கடைசியில் போன ஜூனில் இரண்டில் வந்து நின்றான். இரண்டும் உமேஷிடம் இருந்தன. காமர்ஷியல் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில், கைக்கடிகாரக் கடைக்கு மேலே உமேஷுக்கு ஒரு அறை உண்டு. வெளிநாட்டுக் கத்திகள், டார்ச்சுகள், பேனாக்கள். தெரிந்தவர்கள் மட்டும் வருவார்கள். கன்னடக்காரர். எங்களைப் பார்த்தால் தமிழும் கன்னடமும் கலந்து ஒரு பாஷை பேசுவார்.

மேசையில் சாம்பல் துணியை விரித்து இரண்டையும் வைத்தார்.

முதலாவது டைட்டானியம் பிடி. பின்பக்கத்தில் சின்னக் காதுபோல நீட்டிக்கொண்டிருப்பதை அழுத்தினால் அலகு எண்ணெயில் ஓடுவதுபோல வெளியே வரும். அழகு. ஆனால் அதன் பூட்டு வலது கைக்காரர்களுக்கானது. வலது கட்டைவிரல் இயல்பாகப் போய் நிற்கும் இடத்தில் பூட்டைத் தள்ளும் இடம் இருக்கும். இடது கையில் பிடித்தால் ஆள்காட்டி விரலால் அதை உள்ளிருந்து தள்ள வேண்டும். தள்ளும் அந்த நொடியில் விரல் அலகின் பாதையில் நிற்கும்.

இரண்டாவது பார்க்க எளிமையானது. கறுப்புப் பிடி, மூன்றேகால் அங்குல அலகு. பிடியின் இரண்டு பக்கத்திலும் எட்டிப்பார்க்கும் ஒரு குறுக்குக் கம்பிதான் அதன் பூட்டு. எந்தக் கையால் பிடித்தாலும் கம்பியைப் பின்னால் இழுத்தால் போதும், விரல் குறுக்கே வராமல் அலகு மடிந்துகொள்ளும். பாக்கெட்டில் மாட்டும் கிளிப்பைக்கூட எந்தப் பக்கம் வேண்டுமானாலும் மாற்றிப் பூட்டலாம்.

டேரில் அதை இடது கையில் எடுத்தான். திறந்தான். மூடினான். மறுபடி திறந்தான். அவன் முகத்தில் கவலையில்லாத ஒரு சிரிப்பு வந்து போனது. பிரஸ்ஸுக்கு முந்தைய டேரிலை எனக்குத் தெரியும். அவன் அப்படித்தான் இருப்பான்.

"நோடி சார், லெஃப்ட் ஹேண்டுக்கு இதுதான் செட் ஆகும்" என்றார் உமேஷ். "இதே லாஸ்ட் பீஸு. கம்பெனிக்காரன் இந்த மாடல நிறுத்திட்டான். இனிமே பரல்ல, வராது."

டேரில் இரண்டையும் என் பக்கம் தள்ளினான். "பாத்து சொல்லு."

டைட்டானியத்தை முதலில் பார்த்தேன். அலகு ஒரு மயிரிழை இடப்பக்கம் ஒதுங்கியிருந்தது. தள்ளிவிடும் அளவுக்கு இல்லை. "ஓகே" என்றேன்.

பிறகு கறுப்பை எடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினேன். அலகு சரியாக நடுவில் நின்றது. ஆட்டிப் பார்த்தேன், ஆடவில்லை. சாணை பிடித்த கோடு இரண்டு பக்கமும் ஒரே அகலத்தில் பிடியிலிருந்து நுனிவரை போயிற்று. திருகுகளின் தலையில் ஒரு கீறல் இல்லை. பதினேழு வருடமாகக் குறை தேடிச் சம்பளம் வாங்குகிறவன் நான். கையில் எடுக்கும் எதிலும் என் கண் முதலில் அதைத்தான் பார்க்கும், மனிதர்களிடமும்கூட. இதில் இல்லை. திரும்பத் திரும்பத் தேடினேன், இல்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியாது. அதுவரை நான் செய்ததில் தப்பு எதுவும் கிடையாது. வெறுமனே மெய்மறந்து நின்றேன்.

"இன்னாடா, ரிஜெக்ட்டா?" என்றான் டேரில்.

இல்லை என்று ஒரு சொல் சொல்ல வேண்டும். வாய்வரை வந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது. இது கடைசி. இவன் எடுத்துக்கொண்டால் ஸ்டோர்ஸில் டேப் பசை ஒட்டி, பட்டையில் இழுபட்டு, ஆறு மாதத்தில் இந்தக் கோடு போய்விடும்.

நான் பேசவில்லை. கத்தியை மூடித் துணியின்மேல் வைத்தேன்.

"எங்கடா? பூட்டுலயா?"

அதற்கும் பேசவில்லை.

அவன் கறுப்புக் கத்தியை உமேஷ் பக்கம் மெதுவாக நகர்த்தினான். "இது வேணாம் உமேஷ். அதப் போடுங்க."

"சார், அது உங்க கைக்கு கஷ்டா ஆகும்."

"பழகிடும். எல்லாத்தையும் பழகிக்கல?" என்று சிரித்தான் டேரில். "இவன் பேசலன்னா பேசலதான். எத்தனையோ வருஷமா பாக்கறேன். ஒரு தபா கூட தப்பா போனதில்ல."

அடுத்த சனிக்கிழமை நான் தனியாகப் போனேன். கறுப்புக் கத்தியைக் கேட்டேன். "அவத்து பேடா அந்திரல்ல சார்?" என்றார் உமேஷ். அன்றைக்கு வேண்டாம் என்றீர்களே என்று கேட்டார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, யோசித்துப் பாருங்கள் என்று சொல்லத் தோன்றியது. ஏறக்குறைய உண்மைதான் அது. சொல்லவில்லை. பணம் கொடுத்துவிட்டு வந்தேன்.

தினமும் பையில் வைத்துக்கொள்ளும் கத்தியை ஒருநாள்கூட என்னால் பையில் வைக்க முடியவில்லை. கம்பெனியில் அவன் இருக்கிறான். ஞாயிறு ஏரிக்கரையில் அவன் இருக்கிறான். புத்தக அலமாரியில் இரண்டாவது வரிசைக்குப் பின்னால் வைத்திருந்தேன். சாயங்காலம் வந்ததும் எடுத்துத் திறந்து மூடுவேன். தினமும் அறுப்பதற்கு என்னிடம் எதுவும் இல்லை. சில நாட்களில் ஒரு பழைய உறையை ஒட்டி, அதை அறுத்துப் பார்ப்பேன். அதே கோடு, அதே நேர்த்தி. முதல் வாரத்துக்குப் பிறகு அதில் சந்தோஷம் இல்லை. ஆனாலும் எடுக்காமல் இருக்க முடியவில்லை.

ஸ்டோர்ஸ் என் மேசையிலிருந்து இருபதடி. டைட்டானியம் கத்தியோடு டேரில் படும் பாட்டைத் தினமும் பார்த்தேன். திறப்பதற்குக் கத்தியை ஒரு மாதிரித் திருப்பிப் பிடிக்க வேண்டியிருந்தது, விரல்கள் பூட்டை அழுத்தினால் அலகு வெளியே வராது. மூடும்போது தொடையில் முட்டுக்கொடுப்பான். ஒருமுறைகூட அவன் அதைக் குறை சொல்லவில்லை. புதிதாக வந்தவர்களிடம் காட்டி, "சங்கர் சார் பாஸ் பண்ணது" என்பான்.

செப்டம்பரில் ஒரு புதன்கிழமை நான் தலை நிமிர்ந்தபோது அவன் இடது கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்து போனான். முழங்கைவரை ரத்தம். மூடும்போது அலகு ஆள்காட்டி விரலில் விழுந்துவிட்டது. நான்கு தையல். பத்து நாள் நனைக்கக் கூடாது.

அந்த ஞாயிறு ஏரிக்கரைக்கு வந்தான். வலதில் பாதி விரல், இடதில் கட்டு.

"பிரிஜிதான் பட்டன் போட்டு உட்றா" என்றான். "கல்யாணமான புதுசுல கூட இவ்ளோ கவனிச்சதில்ல. சோறு ஊட்டறப்போ மட்டும் திட்டுறா."

நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உன் தப்பில்லடா" என்றான். "நீ கத்திய பாஸ் பண்ண. கைய நான்தான பாத்துக்கணும்."

அந்த வாரம் முழுக்கச் சொல்ல வேண்டிய வாக்கியங்களைச் சேர்த்தேன். மூன்று வாக்கியம்தான். கத்தியில் குறை இல்லை. எனக்கு ஆசையாக இருந்தது. நான்தான் வாங்கினேன். அடுத்த ஞாயிறு கறுப்புக் கத்தியைப் பையில் போட்டுக்கொண்டு நேராக அவன் வீட்டுக்குப் போனேன். அல்சூரில் இரண்டாவது மாடி, இரண்டு அறை. டேரில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். அவன் எதிரே இருந்த முக்காலியில் கத்தியை வைத்தேன். வாயைத் திறந்தேன்.

சமையலறையிலிருந்து கை துடைத்துக்கொண்டே வந்த பிரிஜெட் அதைப் பார்த்துவிட்டாள்.

"அப்பாடா, இப்பவாவது குடுக்க மனசு வந்துதா?" என்றாள். "இவரு ஜூலைலேந்து சொல்லிக்கிட்டே இருந்தாரு அண்ணா. சங்கரு அதை வாங்கி ஒளிச்சி வச்சிருக்கான், என் பர்த்டேக்கு குடுப்பான் பாருன்னு. ஆகஸ்ட்ல நீங்க வேற ஏதோ குடுத்தீங்க. அப்போ கிறிஸ்துமஸுக்கு இருக்கும்னு நான்தான் சொன்னேன். கை வெட்டிக்கிச்சின்னு இப்பவே எடுத்துட்டு வந்துட்டீங்களா?"

ஆகஸ்டில் நான் அவனுக்குக் கொடுத்தது ஒரு தோலுறை. டைட்டானியம் கத்தி வைத்துக்கொள்ள. அதை எடுத்துப் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, அது வந்த காலிப் பைக்குள் இன்னொரு தரம் கையை விட்டுத் துழாவினான். பில்லைத் தேடுகிறான் என்று நினைத்தேன்.

நான் டேரிலைப் பார்த்தேன். அவன் கத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தான். கிளிப் என் வலது கைக்கு ஏற்றபடி பூட்டியிருந்தது. அதன் ஓரத்தில் என் விரல் பட்டுப் பட்டு மெருகு ஏறியிருந்தது. இரண்டு பேருக்கும் தெரிகிற தூரத்தில்தான் இருந்தது அது.

"ஆமா பிரிஜி" என்றான் டேரில். "குடுத்துட்டான். டீ போடு."

டீ குடித்தேன். பிரிஜெட் எதிர்வீட்டு மௌரீனைக் கூப்பிட்டுக் காட்டினாள். "இவருக்கு ஏத்த மாதிரி தேடிப் புடிச்சி வாங்கியிருக்காரு" என்றாள். மௌரீன் என்னை ஒரு நல்ல மனிதனைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். என் மூன்று வாக்கியமும் வாய்க்குள்ளேயே கிடந்தன.

பஸ் நிறுத்தம்வரை டேரில் கூட வந்தான். நிறுத்தத்தில் யாருமில்லை.

"அது உனக்காக வாங்கினதில்ல டேரில்."

"தெரியும்."

"எப்போ தெரியும்?"

"டைட்டானியம் கைக்கு வரலன்னு ஜூலைல மாத்தப் போனேன். நீ எடுத்துட்டுப் போயிட்டேன்னு உமேஷ் சொன்னான். எனக்கு ஒரே குஷிடா. அதான் அன்னிக்கு வாயத் தொறக்கல, நமக்கு சர்ப்ரைஸ் தரப்போறான்னு வீட்ல வந்து டான்ஸ் ஆடாத குறை." கட்டுப்போட்ட விரலைப் பார்த்துக்கொண்டான். "ஆகஸ்ட் வரைக்கும் தெரியாது. அதுக்கப்புறம் தெரியும்."

"ஏன் கேக்கல?"

"இன்னான்னு கேக்கறது?"

ஒரு பஸ் வந்து நின்றுவிட்டுப் போனது. என்னுடையது அல்ல.

"எனக்கு புடிச்சிருக்குடா, நான் எடுத்துக்கவான்னு கேட்டிருந்தா மாட்டேன்னா சொல்லியிருப்பேன்?" என்றான். "ரிஜெக்ட்டான்னு கேட்டேன். ரெண்டு தபா கேட்டேன். நீ சும்மா இருந்த. உன்ன எல்லாரும் கல்லுளிமங்கன்னு சொல்லுவானுங்க. இல்லடா, அவன் பேசாததுதான் பேச்சுன்னு நான் சொல்லிட்டுத் திரிஞ்சேன்."

திட்டினால் நன்றாயிருக்கும் என்று நின்றேன். அவன் திட்டவில்லை.

"திருப்பி எடுத்துட்டுப் போயிடறேன்" என்றேன்.

"வேணாம். அவ தெரு பூரா சொல்லி முடிச்சிருப்பா. அவளுக்கு அது அப்படியே இருக்கட்டும்."

"அப்போ நீயாவது வேலைக்கு எடுத்துட்டு வா. உன் கைக்கு அதுதான்."

என் பஸ் வந்தது. அவன் கையைக் காட்டி நிறுத்தினான். நான் ஏறிய பிறகு திரும்பிப் போனான்.

டைட்டானியத்தை அவன் உமேஷிடமே விற்றுவிட்டான். இப்போது ஸ்டோர்ஸில் அவனிடம் இருப்பது ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும் மஞ்சள் பிளாஸ்டிக் கட்டர். இடது கட்டைவிரலால் தள்ளினால் கிர்ரென்று பிளேடு வரும், முனை மழுங்கினால் உடைத்துப் போடலாம். பாகங்களை என் மேசைக்கு இன்னமும் அவன்தான் கொண்டுவருகிறான். நான் பேசாமல் இருந்தால் முன்போல் சிவப்புத் தட்டில் வைப்பதில்லை. நிற்கிறான். "ரிஜெக்ட்டா, இல்ல இன்னும் பாத்துக்கிட்டிருக்கியா? வாயால சொல்லு" என்கிறான். சொல்கிறேன். அவன் கேட்பதில் கோபம் இல்லை. அளவுகோலைச் சரிபார்க்காமல் நம்பக் கூடாது என்று தெரிந்துகொண்டவன் கேட்கிற மாதிரி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் பாடகர் குழுவில் சேர்ந்துவிட்டதாகச் சொன்னான். உண்மையாகத்தான் இருக்கும், அவனுக்கு நல்ல குரல். நான் இரண்டு மூன்று வாரம் தனியாகப் போய் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

கிறிஸ்துமஸுக்குப் பிரிஜெட் போன் செய்து கூப்பிட்டாள். போகாமல் இருக்க ஒரு காரணமும் கிடைக்கவில்லை. கூடத்தில் கண்ணாடி அலமாரி. அதில் அவர்கள் கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வெல்வெட் துணி, அதன்மேல் கறுப்புக் கத்தி. ஒரு தூசி இல்லை.

"இவரு இதத் தொடறதே இல்ல அண்ணா" என்றாள் பிரிஜெட், கேக் துண்டை என் தட்டில் வைத்துக்கொண்டே. "நீங்க குடுத்தது, கெட்டுப் போயிடும்னு பூட்டி வச்சிருக்காரு. அந்த மஞ்சக் கட்டர வச்சிக்கிட்டு அவஸ்தப்படறாரு. நான் சொன்னா கேக்கமாட்டாரு. நீங்க சொல்லுங்க."

டேரில் யாருக்கோ தட்டு எடுத்துப் போய்க்கொண்டிருந்தவன் நின்றான்.

"வேலைக்கு எடுத்துட்டு வாடா" என்றேன். "வச்சிக்கத்தான வாங்கினது."

"சரி" என்றான் டேரில், பிரிஜெட்டைப் பார்த்து.

மறுநாள் காலை ஏழரைக்கு முதல் லாரி வந்தது. நான் மேசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். டேரில் முதல் பெட்டியை முழங்கையால் அழுத்தினான். இடது கை பாக்கெட்டுக்குள் போயிற்று. அது வெளியே வருவதற்குள் நான் என்னென்னவோ நினைத்துவிட்டேன். கிர்ரென்று சத்தம் கேட்டது.